கட்டுப் போடும் முன் விரலைப் பார்ப்போம்

பள்ளி வளாகத்தில் ஒரு பிள்ளை விழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை அந்தக் கை நம் பொறுப்பில் இருக்கிறது. அந்த அரை மணி நேரத்தில் நாம் எதைக் கவனிக்கிறோம், எதைச் செய்கிறோம், எதைச் செய்யாமல் விடுகிறோம் என்பதைப் பொறுத்தே பின்னாளில் அந்தக் கை பேனா பிடிப்பதும் பிடிக்காததும் அமையக்கூடும். எலும்பு முறிவுக்கு வைத்தியம் செய்வது மருத்துவரின் வேலை. முறிந்த இடத்துக்குச் சேதம் கூடாமல் பிள்ளையை அவரிடம் ஒப்படைப்பது நம் வேலை. இந்த இரண்டாவது வேலையைப் பற்றியதே இக்கட்டுரை.

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். ஆறாம் வகுப்பில் ‘மனித உறுப்பு மண்டலங்கள்’, எட்டாம் வகுப்பில் ‘விலங்குகளின் இயக்கம்’ ஆகிய பாடங்களில் எலும்பு மண்டலத்தை நடத்துகிறோம். 206 எலும்புகள், மூட்டு வகைகள், தசைகள் என மாணவர்கள் படம் வரைந்து பாகம் குறிக்கிறார்கள். அந்தப் பாடத்தோடு ஒரு பாடவேளையைச் சேர்த்து, முறிந்த எலும்பை எப்படிப் பாதுகாப்பது என்றும் சொல்லித் தருகிறேன். அதற்கு எங்கள் ஊரில் தனிக் காரணம் உண்டு. இங்கே பெற்றோரில் பலர் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஆலைக்குள் கைப்பேசி கொண்டுபோக அனுமதியில்லை. பிள்ளை விழுந்ததும் தாய்க்குப் பேசிக் கேட்டு முடிவெடுக்கலாம் என்றால், சாயங்காலம்தான் அவர் கிடைப்பார். ஆகவே முதல் ஒரு மணி நேரத்து முடிவுகள் பெரும்பாலும் ஆசிரியரின் முடிவுகளே.

பிள்ளையின் எலும்பு வேறு

வகுப்புக்கு இரண்டு வேப்பங்குச்சிகளைக் கொண்டுபோவேன். ஒன்று காய்ந்தது, மற்றொன்று அப்போது ஒடித்த பச்சைக் குச்சி. காய்ந்ததை வளைத்தால் ‘டக்’கென்று இரண்டாகிறது. பச்சைக் குச்சி வளைகிறது. ஒரு பக்கம் நார் பிளக்கிறது. மறுபக்கம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. பெரியவர்களின் எலும்பு முதல் குச்சியைப் போன்றது, பிள்ளைகளின் எலும்பு இரண்டாவதைப் போன்றது. மருத்துவர்களும் இவ்வகை முறிவைப் ‘பச்சைக் குச்சி முறிவு’ என்றே குறிப்பிடுகிறார்கள்.

இதிலிருந்து ஆசிரியர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பச்சைக் குச்சி முறிவில் கை பார்வைக்கு நேராகவே இருக்கலாம். பிள்ளை விரலை அசைக்கவும் செய்யலாம். ‘அசைக்க முடிகிறது, அதனால் முறியவில்லை’ என்ற நம் வழக்கமான கணக்கு இங்கே பொருந்தாது.

இன்னொன்று வளர்ச்சித் தட்டு. வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளில், முனைகளை ஒட்டி ஒரு குருத்தெலும்புப் பட்டை இருக்கும். எலும்பு நீளமாக வளர்வது அங்கிருந்துதான். மூட்டுகளை இணைக்கும் நார்களைக் காட்டிலும் இந்தப் பட்டை வலுக்குறைந்தது. பெரியவருக்குக் கணுக்கால் மடங்கினால் நார் இழுபட்டுச் சுளுக்கு வரும். அதே மடக்கில் பத்து வயதுப் பிள்ளைக்கு வளர்ச்சித் தட்டு விலகக்கூடும். அதைக் கவனிக்காமல் விட்டால் அந்தக் கால் குட்டையாகவோ கோணலாகவோ வளர வாய்ப்புண்டு. எனவே ‘சுளுக்குதான், எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகும்’ என்ற தீர்ப்பை நாம் வழங்கக் கூடாது. மூட்டின் அருகே வீக்கமும், எலும்பின் மேல் தொட்டால் வலியும் இருந்தால், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்வரை அதை முறிவு என்றே வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

அருகே போகும் முன்

முதலுதவியின் முதல் படி, விழுந்தவரைப் பார்ப்பதன்று, இடத்தைப் பார்ப்பது. அறுந்த மின்கம்பி, சரியும் சுவர், ஓடும் வாகனம் ஏதேனும் இருக்கிறதா? எங்கள் பகுதி மாணவர்களுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிச்சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்களும் அவர்களில் அடக்கம். காப்பாற்றப் போகிறவர் முதலில் தான் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதை அந்த நாளைச் சொல்லியே கற்பிக்கிறேன்.

இடம் பத்திரமானது என்றால், அடுத்து மூன்று கேள்விகள். பிள்ளைக்கு நினைவு இருக்கிறதா? மூச்சு சீராக இருக்கிறதா? இரத்தம் பீறிடுகிறதா? இவற்றில் கோளாறு இருந்தால் எலும்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், உயிர்தான் முதல். மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்து கழுத்து, முதுகு வலிக்கிறது என்றாலும், கை கால் மரத்துப்போகிறது என்றாலும், அப்பிள்ளையை எழுப்பி உட்கார வைக்கக் கூடாது. தலையை அசையாமல் இருபுறமும் கைகளால் பிடித்துக்கொண்டு 108 ஊர்திக்குக் காத்திருக்க வேண்டும்.

பார், கேள், தொடு

பார்: அடிபட்ட கையையும் அடிபடாத கையையும் ஒப்பிட வேண்டும். வீக்கம், வளைவு, நிறமாற்றம், காயம் இருக்கின்றனவா? தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால், அல்லது வீங்கிய இடத்தில் சிறு காயத்திலிருந்து இரத்தம் கசிந்தால், அது திறந்த முறிவாக இருக்கலாம். அதற்கு அவசரம் அதிகம்.

கேள்: எப்படி விழுந்தாய்? எங்கே வலிக்கிறது, ஒரே விரலால் காட்டு. விரல் நுனியில் மரமரப்பு இருக்கிறதா? நீயாக விரலை அசைக்க முடிகிறதா?

தொடு: வலிக்கும் இடத்தை அழுத்திச் சோதிக்க வேண்டாம். எலும்பு உரசும் சத்தம் கேட்கிறதா என்று அசைத்துப் பார்க்கவே கூடாது. தொட வேண்டிய இடம் வேறு. அது முறிவுக்குக் கீழே இருக்கும் விரல்கள்.

விரல் சொல்லும் செய்தி

எலும்பு தனியாக இல்லை. அதை ஒட்டியே இரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. முறிந்த முனை அவற்றைக் குத்தினாலோ, வீக்கமும் கட்டும் சேர்ந்து நெருக்கினாலோ, கீழே இருக்கும் தசைக்கு இரத்தம் போகாது. முறிந்த எலும்பு சில மணி நேரம் காத்திருக்கும். இரத்தம் கிடைக்காத தசை காத்திருக்காது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் அதற்கு மீளாத சேதம் ஏற்பட்டுவிடும்.

பிள்ளைகளிடம் இந்த ஆபத்து அதிகமுள்ள இடம் முழங்கை. கையை ஊன்றி விழும்போது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் மிகவும் காணப்படுவது. அந்த இடத்துக்கு முன்புறமாகத்தான் முன்னங்கைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய் செல்கிறது. இரத்தம் தடைபட்ட முன்னங்கைத் தசைகள் சுருங்கி, விரல்கள் கொக்கிபோல் மடங்கிப் போவதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வோல்க்மன் 1881இல் விளக்கினார். இறுக்கமான கட்டுகளுக்குப் பின் இது வருவதை அவர் சுட்டிக்காட்டினார். இன்றும் அந்த நிலை அவர் பெயராலேயே வழங்குகிறது.

என் வகுப்பில் அப்படி ஒரு மாணவன் படித்தான். பள்ளியில் சேரும் முன்பே திண்ணையிலிருந்து விழுந்து முழங்கையில் முறிவு. யாரோ மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டியிருக்கிறார்கள். பிள்ளை இரவெல்லாம் அழுதிருக்கிறான். ‘கட்டுப் போட்ட கை வலிக்கத்தான் செய்யும்’ என்று சமாதானம் சொல்லி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அழுகை நின்றது. வலி போய்விட்டது என்று வீட்டில் நிம்மதியடைந்தார்கள். போனது உணர்ச்சி. எலும்பு என்னவோ நேராகத்தான் கூடியிருந்தது. விரல்கள் மட்டும் விரியவில்லை. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டான். அழகாகவே எழுதுவான். ஆனால் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடப் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் கீழ்க்கண்ட ஐந்தையும் மாணவர்களுக்கு மனப்பாடமாக்குகிறேன். அடிபட்ட கை அல்லது காலின் விரல்களை, அடிபடாத பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

1. நிறம்: நகமும் உள்ளங்கையும் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கின்றனவா?
2. சூடு: மற்ற கையைவிடச் சில்லிட்டிருக்கிறதா?
3. இரத்தம் திரும்புதல்: நகத்தை அழுத்தினால் வெளுக்கும். விட்டதும் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும்.
4. உணர்ச்சி: கண்ணை மூடச் சொல்லி விரல் நுனியை மெல்லத் தொட்டால் எந்த விரல் என்று சொல்ல முடிகிறதா?
5. அசைவு: தானாக விரலை மடக்கி நீட்ட முடிகிறதா? நீட்டும்போது முன்னங்கையில் தாங்க முடியாத வலி எழுகிறதா?

இவற்றில் ஒன்று மாறியிருந்தாலும் அது அவசரநிலை. நாம் கட்டிய கட்டு இருந்தால் உடனே தளர்த்த வேண்டும். 108இல் பேசும்போது ‘விரல் வெளுத்திருக்கிறது’, ‘உணர்ச்சி இல்லை’ என்று சொல்லியே அழைக்க வேண்டும். கட்டுப் போடும் முன் ஒரு முறை, போட்ட பின் ஒரு முறை, வாகனம் வரும்வரை பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து, நேரத்தோடு ஒரு தாளில் குறித்து மருத்துவரிடம் கொடுத்தால், அந்தத் தாள் அவருக்குப் பெரிய உதவி.

காலண்டர் அட்டை போதும்

அசையாமல் வைக்க விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. அச்சகங்கள் நிறைந்த எங்கள் ஊரில் பழைய காலண்டர் அட்டைக்குப் பஞ்சமில்லை. அதை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் முன்னங்கைக்கு ஏற்ற தொட்டில் கிடைத்துவிடும். பிற ஊர்களில் பரீட்சை அட்டை, சுருட்டிய செய்தித்தாள், இரண்டு நீள நோட்டுகள் போதும்.

• கை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே தாங்க வேண்டும். வளைந்ததை இழுத்து நேராக்கக் கூடாது.
• வளையல், மோதிரம், கொலுசு, கைக்கயிறு ஆகியவற்றை வீங்கும் முன்பே கழற்ற வேண்டும். கயிறு சாமிக் கயிறாக இருந்தால், பிள்ளையிடம் சொல்லிவிட்டு வெட்டி, பத்திரமாகப் பையில் போட்டுக் கொடுக்கலாம்.
• அட்டைக்கும் தோலுக்கும் நடுவே பஞ்சு அல்லது மடித்த துணி வைக்க வேண்டும்.
• முறிவுக்கு மேலே உள்ள மூட்டும் கீழே உள்ள மூட்டும் அசையாதபடி அட்டை நீளமாக இருக்க வேண்டும்.
• முடிச்சு முறிவின் மேல் விழக் கூடாது. கட்டுக்குள் நம் ஒரு விரல் நுழைய வேண்டும். விரல் நுனிகளை மூடக் கூடாது.
• கையை முக்கோணத் துணியாலோ துண்டாலோ கழுத்தில் தூக்கிக் கட்டலாம். முழங்கையை மடக்க வலித்தால் மடக்க வேண்டாம். உடலோடு சேர்த்துத் தாங்கினாலே போதும்.
• கால் என்றால் நடக்க வைக்கக் கூடாது. உதவி வரத் தாமதமானால் நடுவே துணி வைத்து, நல்ல காலோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டலாம்.
• துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது.

திறந்த முறிவில் சுத்தமான துணியால் மூடி, காயத்தின் ஓரங்களில் அழுத்தி இரத்தத்தை நிறுத்த வேண்டும். வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளக் கூடாது. மஞ்சள்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். தொடை எலும்பு முறிந்தால், வெளியே ஒரு சொட்டு தெரியாமலே உள்ளே நிறைய இரத்தம் இழக்கப்படும். 25 கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பில் மொத்த இரத்தமே 2 லிட்டர் அளவுதான். முகம் வெளுத்து, வியர்த்து, தளர்ந்துபோனால் படுக்க வைத்துப் போர்த்தி, உடனே அனுப்ப வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து தர நேரலாம் என்பதால் சோடாவோ டீயோ கொடுக்கக் கூடாது. அழும் பிள்ளைக்கு ஏதாவது குடிக்கக் கொடுக்க நம் கை பரபரக்கும். இங்கே அது உதவியாகாது.

பெற்றோரிடம் பேசும்போது

கைக்கட்டுடன் வீடு போன பிள்ளையை அன்றிரவே வைத்தியரிடம் அழைத்துப் போவோமா என்று பாட்டி யோசிப்பது நம் ஊர்களில் இயல்பு. ஆந்திரத்தின் புத்தூர்க் கட்டுக்குத் தமிழ்நாடு முழுதும் பெயர் உண்டு. உளுந்து மாவும் முட்டை வெண்கருவும் பூசி மூங்கில் பத்தை வைக்கும் கைகள் பல ஊர்களில் இருந்திருக்கின்றன. அதை இழிவாகப் பேசினால் பெற்றோர் நம்மிடம் மறைப்பார்கள், பிள்ளைக்குத்தான் நட்டம்.

நான் அவர்களுக்கு ஒரு கதை சொல்வேன். வேல்ஸ் நாட்டில் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டும் நாட்டு வைத்தியர் குடும்பம் ஒன்று இருந்தது. அதில் பிறந்த ஹியூ ஓவன் தாமஸ் மருத்துவம் படித்து, காலை அசையாமல் வைக்க ஒரு சட்டத்தை உருவாக்கினார். அவருடைய மறைவுக்குப் பின் முதல் உலகப் போரில் அந்தச் சட்டம் எண்ணற்ற வீரர்களைக் காப்பாற்றியது. தாமஸ் சட்டம் என்ற பெயரில் இன்றும் மருத்துவமனைகளில் அது இருக்கிறது. மூங்கில் பத்தையின் நோக்கமும் மாவுக்கட்டின் நோக்கமும் ஒன்றே; எலும்பை அசையாமல் வைப்பது. மருத்துவமனையில் கூடுதலாக இருப்பவை இரண்டு. ஒன்று, 1895இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ்ரே. உள்ளே என்ன முறிந்தது என்று தெரிந்து கட்டுகிறார்கள். மற்றொன்று, கட்டிய பின் விரலைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் பழக்கம். ‘எங்கே கட்டினாலும் முதலில் எக்ஸ்ரே எடுங்கள், இரவில் விரலைப் பாருங்கள், வலி கூடினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்’ என்று சொன்னால் எந்தப் பாட்டியும் கோபித்துக்கொள்வதில்லை. மாவுக்கட்டு போட்ட பிள்ளைக்கும் இது பொருந்தும். மருத்துவமனைக் கட்டும் வீக்கம் கூடினால் இறுகும்.

எலும்பை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு நம் மாநிலத்திலேயே உலகறிந்த சான்று இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையில் மருத்துவர் இராஜசேகரனும் குழுவினரும் திறந்த முறிவுகளுக்கு ஒரு மதிப்பெண் முறையை வகுத்து 2006இல் வெளியிட்டார்கள். நசுங்கிய காலைக் காப்பாற்ற முடியுமா என்று முடிவெடுக்க அது உதவுகிறது. அதில் தோலுக்குத் தனி மதிப்பெண், எலும்புக்குத் தனி, தசை நரம்புகளுக்குத் தனி. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை. இந்த மூன்றில் எலும்புக்கு ஒரு பங்கு இடம்தான். மதிப்பெண் போடுவது நமக்குப் பழகிய வேலை என்பதால் இதை ஆசிரியர் கூட்டங்களில் சொல்லும்போது சட்டென்று மனதில் பதிகிறது.

ஒரு பாடவேளைச் செயல்பாடு

இளஞ்செஞ்சிலுவைச் சங்க நாளிலோ எலும்பு மண்டலப் பாடத்தின் முடிவிலோ இதை நடத்தலாம். நான்கு பேர் ஒரு குழு: அடிபட்டவர், முதலுதவி செய்பவர், 108க்குப் பேசுபவர், நேரம் குறிப்பவர்.

முதல் பத்து நிமிடம் வேப்பங்குச்சிச் சோதனை. அடுத்த பத்து நிமிடம் ஒவ்வொருவரும் தம் நகத்தை அழுத்திவிட்டு, கடிகாரத்தில் விநாடி பார்த்து, நிறம் திரும்புவதைக் குறிப்பது. பிறகு பதினைந்து நிமிடம் காலண்டர் அட்டையால் முன்னங்கைக்குக் கட்டு. கடைசியில், 108க்குப் பேசுபவர் இடம், அடையாளம், வயது, எப்படி விழுந்தது, விரலின் நிலை ஆகிய ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். இறுக்கிக் கட்டிக் காட்டும் சோதனையை எந்தக் காரணம் கொண்டும் செய்ய வேண்டாம்.

மதிப்பீட்டில் கட்டு அழகாக இருப்பதற்கு மதிப்பெண் தருவதில்லை. கட்டும் முன் விரலைப் பார்த்தாரா, கட்டிய பின் மறுபடி பார்த்தாரா, இரண்டையும் எழுதினாரா என்ற மூன்றுக்கே மதிப்பெண். முதல் ஆண்டில் பெரும்பாலான குழுக்கள் இரண்டாம் முறை பார்க்க மறந்தன. இப்போது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே ‘சார், விரலைப் பார்க்கலையா?’ என்று என்னைக் கேட்கிறார்கள்.

பள்ளி செய்ய வேண்டியவை

முதலுதவிப் பெட்டியில் இரண்டு மடிப்பு அட்டைகள், நான்கு முக்கோணத் துணிகள், சுருள்துணி, பஞ்சு, மழுங்கிய முனைக் கத்தரிக்கோல், ஒரு பென்சில், ஐந்து குறிகள் எழுதிய தாள் ஆகியவை இருக்கட்டும். வருகைப் பதிவேட்டோடு, பெற்றோர் வேலை செய்யும் இடத்தின் அலுவலக எண்ணையும், பகலில் வீட்டிலிருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணையும் எழுதி வைப்போம். எக்ஸ்ரே வசதியும் எலும்பு மருத்துவரும் பகலிலும் இரவிலும் எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே விசாரித்து வைப்போம். எங்களுக்குச் சிவகாசி அரசு மருத்துவமனை அருகில் இருக்கிறது. 2022இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

மாவுக்கட்டோடு பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையைச் சுவரோரம் உட்கார வைத்து, கையை மேசை மேல் உயர்த்தி வைக்கச் சொல்வோம். அரிக்கிறது என்று கட்டுக்குள் பென்சிலையோ அளவுகோலையோ விடாமல் பார்த்துக்கொள்வோம். காலை வருகைப் பதிவு எடுக்கும்போது அப்பிள்ளையின் பெயர் வந்ததும் ‘விரலை ஆட்டிக் காட்டு’ என்று சொல்வது என் வழக்கம். வகுப்பே சிரிக்கும், அதுவும் சிரித்துக்கொண்டே ஐந்து விரலையும் ஆட்டும். அதற்கு ஐந்து விநாடிகூட ஆவதில்லை.